பூட்டெ

படகை விற்ற கையோடு லுப்பெர்ட் வங்கிக்குப் போனான். ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது, வீட்டுக் கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டு, மிச்ச நாளை எவனுக்கும் பதில் சொல்லாமல் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வங்கிப் பெண் சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினாள். கெடுவுக்கு முன்னால் அடைத்தால் அபராதம், இருபத்தோராயிரம் யூரோ. வாங்கினால் வட்டி, திருப்பிக் கொடுத்தால் தண்டம். இது எந்த ஊர் நியாயம்!

வீடு தம்பி ரீக்கெல்ட் பேரிலும் இருந்தது. இருபது வருஷத்துக்கு வட்டி ஏறாமல் இறங்காமல் ஒரே விகிதத்தில் கட்டிப்போட்டு, கடலில் இருந்த அண்ணனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

ரீக்கெல்ட் வலைக் கொட்டகையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். தாளைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"பூட்டென்னு போட்டிருக்கான் பாருண்ணே. காலையிலேருந்து நானும் அதத்தான பண்ணிக்கிட்டிருக்கேன்!"

டச்சு மீனவர் ஊரான உர்க்கில் அபராதத்துக்கும் வலை தைப்பதற்கும் 'பூட்டெ' என்ற ஒரே சொல்தான். செய்த பாவத்துக்குப் பட்டுத் தீர்ப்பதற்கும் அதுவே. வேறொரு நாளாக இருந்தால் லுப்பெர்ட்டும் சிரித்திருப்பான்.

"பல்லக் காட்டாதடா நாயே! இருபது வருஷம்னு எவன்டா போடச் சொன்னான்?"

"வட்டி ஏறிட்டா என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் பொலம்புனது யாரு? உன் பயத்துக்குத்தான் போட்டேன். பயந்தாங்கொள்ளி!"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் கை முந்திக்கொண்டது. முதல் குத்திலேயே தம்பியின் மூக்கு உடைந்தது. அவனும் சளைத்தவனில்லை, அண்ணனின் தாடியைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினான், காதைக் கடித்தான். லுப்பெர்ட்டுக்குக் கண் இருண்டது. கைக்குச் சிக்கிய இரும்புக் கொக்கியை வீசினான். அது தம்பியின் தொடையில் இறங்கி, சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

ரத்தம் பீறிட்டது. வலையெல்லாம் சிவப்பு. "அண்ணே..." என்று முனகியபடி ரீக்கெல்ட் சரிந்தான்.

லுப்பெர்ட் இடுப்பு வாரை உருவித் தொடையை இறுக்கிக் கட்டினான். பிறகு போனில் கத்தினான். என்ன சொன்னோம் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸும் போலீசும் சேர்ந்தே வந்தன.

"யார் பண்ணுனது?" என்றார் போலீஸ்காரர்.

"யாருமில்ல," என்றான் ரீக்கெல்ட், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி. "வழுக்கிக் கொக்கி மேல விழுந்தேன்."

உர்க் ஊர்க்காரன் எவன் தன் ஆளைப் போலீசிடம் காட்டிக்கொடுப்பான்? அவர் குறிப்பேட்டை மூடப் போனார்.

"பொய் சொல்றான் சார்," என்றான் லுப்பெர்ட். "நான்தான் குத்துனேன்."

"வாய மூடுண்ணே! நீ உள்ள போயிட்டா தவணைய எவன் கட்டுவான்?"

லுப்பெர்ட்டுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தவணை கெடக்குது. மொத்தமா அடைச்சிடலாம்டா, அபராதத்தோட," என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் போலீஸ்காரரிடம் நீட்டினான்.