நாப்பது பேட்டரிக்கு நான் வச்ச கனெக்டர்

நான் பம்பரம் பேசுறேன். வயசு இருபத்தி நாலு. இந்த நாட்டுல நாங்க எட்டு பேரு தங்கியிருக்கிற வீட்டுல மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல, படிக்கட்டுல உக்காந்திருக்கேன். நம்பர் புதுசா இருக்கேன்னு பயப்படாதீங்க. கூட தங்கியிருக்கிற லாரிக்காரரோட போன் இது. என் போன அத்தான் வாங்கி வச்சுக்கிட்டாரு. நான் எங்கயாவது வாய விட்டுடுவேன்னு அவருக்குப் பயம். வலது கையில கட்டு இருக்கிறதால எழுத முடியல. வாயால சொல்றேன், போன் எழுதிக்குது. முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

அக்கா அத்தான்கிட்ட பேசி இன்னையோட பன்னெண்டு நாள் ஆச்சு. கடைசியா பேசினப்ப, "என் தம்பி கையப் பொசுக்கிட்டு என்கிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு? எட்டு வருஷமா என்னத்த வேல கத்துக்கிட்டீங்க?"ன்னு கத்துனா. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அத்தான் என்னைப் பார்த்து வாய் மேல விரல் வச்சாரு. நானும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்துட்டேன்.

அக்கா, அவரு பண்ணல. நான் பண்ணேன்.

எப்படின்னு சொல்றேன். நம்ம கடையில கரண்டுல பறக்குற பொம்மை ஏரோபிளேன் விக்கிறதும் ரிப்பேர் பண்றதும் தான் வேலைன்னு உங்களுக்குத் தெரியும். பொம்மைன்னா கையடக்கம் இல்ல. எங்க கடைக்கு வர்ற பிளேன் கிளப்புக்காரங்க ஓட்டுறது ஒண்ணொண்ணும் ஒரு கதவு அகலம் இருக்கும். அதுக்குள்ள பேட்டரி இருக்கும். பேட்டரியையும் மோட்டாரையும் சேர்க்குற சொருகு தான் கனெக்டர். தீப்பெட்டியில பாதி கூட இருக்காது. ஆனா மொத்தக் கரண்டும் அது வழியா தான் போகணும்.

அந்தக் கிளப்புல நாப்பது பேட்டரி. பாதியில சிவப்புத் தட்டைக் கனெக்டர், சிலதுல தனித்தனியா உருண்டைக் குழாய், மிச்சத்துல பேரே தெரியாத என்னென்னவோ. ஒருத்தர் பேட்டரி இன்னொருத்தர் பிளேன்ல ஏறாது. எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்திக் குடுங்கன்னு கொண்டு வந்து இறக்குனாங்க. அந்த வாரம் பார்த்து அத்தானுக்குக் கடைவாய்ப் பல்லுல ஈறு வீங்கி, தாடை பந்து மாதிரி ஆயிடுச்சு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா, பத்து மாசமா வேடிக்கை பார்க்குறியே, எந்தக் கனெக்டர் போடலாம்னு நீயே சொல்லேன்"ன்னாரு.

எனக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. மூணு நாள் உக்காந்து பார்த்தேன். பிளேன் மேல ஏறுறப்ப எத்தனை ஆம்ப்ஸ் கரண்டு இழுக்குதுன்னு மீட்டர் வச்சு அளந்தேன். அம்பது வரைக்கும் போச்சு. உருண்டைக் குழாய் நல்லா தாங்கும், ஆனா பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திச் சொருகிட்டா எல்லாம் புகைஞ்சு போயிடும். சிவப்பு இறுக்கம் ஜாஸ்தி. வயசானவங்க பல்லால கடிச்சு இழுக்குறாங்க. கடைசியில அறுபது ஆம்ப்ஸ் தாங்குற மஞ்சள் கனெக்டர்னு முடிவு பண்ணேன். ஒரு பக்கம் மூலை வெட்டியிருக்கும், திருப்பிச் சொருகவே முடியாது. குளிருக்குக் கையுறை போட்டிருந்தாலும் பிடிச்சு இழுக்கலாம்.

அத்தான்கிட்ட காட்டினேன். வாயத் தொறக்க முடியாம, தலைய மட்டும் ஆட்டி, பேப்பர்ல எழுதிக் காட்டினாரு: "தேறிட்டடா மாப்ள. உங்க அக்காவ விட உனக்கு மூளை ஜாஸ்தி. அவகிட்ட சொல்லிடாத."

அந்த முடிவு இன்னைக்கும் சரி தான். விசாரிக்க வந்த ஆபீசர் கூட, கனெக்டர் தேர்ந்தெடுத்ததுல தப்பில்லைன்னு தான் எழுதியிருக்காரு. வச்ச விதத்துல தான் தப்பு.

அந்த மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள்ள ரெண்டு பித்தளைக் குழாய் இருக்கும். அதோட பின்னாடி வயர வச்சு ஈயம் உருக்கி ஒட்டணும். அத்தான் எப்பவும் ஈயம் வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு பழைய ஜோடிக் கனெக்டர எடுத்து அதுல சொருகிக்குவாரு. அப்புறம் தான் சூட்டுக்கோல எடுப்பாரு. "ஜோடி மாட்டிட்டு சூடு வை"ன்னு என்கிட்டயும் ரெண்டு தரம் சொல்லியிருக்காரு. பிடிச்சுக்க வாட்டமா இருக்கும்னு தான் அப்படிப் பண்றாருன்னு நான் நினைச்சுக்கிட்டேன். என்கிட்ட தான் கிடுக்கி இருக்கே, ஒவ்வொண்ணுக்கும் மாட்டிக் கழட்டி எதுக்கு நேரத்த வீணாக்கணும்னு, ஜோடி இல்லாமலே நாப்பதுக்கும் வச்சு முடிச்சேன். ஒன்றரை நாள்ல முடிச்சேன்னு முதலாளி தோள்ல தட்டினாரு.

சூட்டுல பிளாஸ்டிக் இளகும். உள்ள ஜோடி இருந்தா குழாய் நேரா நிக்கும். இல்லைன்னா ஒரு மயிரிழை சாய்ஞ்சு, அப்படியே இறுகிடும். வெளிய பார்த்தா தெரியாது. சொருகினா சொருகும். நான் ஒவ்வொண்ணையும் மேசை மேல வச்சு அரை நிமிஷம் மோட்டார் ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே ஓடுச்சு. அரை நிமிஷத்துல என்ன தெரியும்? உள்ள சரியா ஒட்டாத இடம் கரண்டு ஏற ஏறச் சூடாகும், வச்ச ஈயமே திரும்ப உருகும். எனக்கு இதெல்லாம் அப்ப தெரியாது. கேட்டிருக்கலாம். எதுக்கு ஜோடி மாட்டுறீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பல்லு வலியில இருக்குற மனுஷன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.

கடை நோட்டுல வேலை முடிச்சவங்க கையெழுத்துப் போடணும். எனக்கு இன்னும் அந்த அனுமதி வரல. அத்தான் படுக்கையில இருந்தபடியே போட்டுக் குடுத்தாரு.

ஞாயித்துக்கிழமை காலையில மைதானம். நானும் அத்தானும் போயிருந்தோம். புது கனெக்டரப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம். ஒருத்தரு, "இனிமே என் பொண்டாட்டி பேட்டரி கூட என் பிளேன்ல ஏறும், அவ தான் ஏற மாட்டா"ன்னாரு. சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே, மேல போன ஒரு பிளேன்ல சத்தம் நின்னுடுச்சு. ஓட்டுறவரு ரிமோட்டுல இருக்கிற ரெண்டு குச்சியையும் அசைக்கிறாரு, அது கேக்கல. கரண்டு போச்சுன்னா இறக்கையத் திருப்புறதும் போச்சு. எறிஞ்ச கல்லு மாதிரி வந்து, ஓரமா நாற்காலி போட்டு மார்க் எழுதிக்கிட்டிருந்த ஒரு அம்மா மேல விழுந்துச்சு. அவங்க துணி தைக்கிறவங்க. குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தாங்க, சத்தம் கேட்டு நிமிர்ந்தாங்க. நிமிராம இருந்திருக்கலாம்.

பேட்டரி நசுங்கி அவங்க மடியில கிடந்து புகைஞ்சுச்சு. நான் ஓடிப்போய் கையால எடுத்து வீசினேன். அது தான் இந்தக் காயம். நான் பெரிய தியாகம் எல்லாம் பண்ணல, கூச்சல்ல கை தானா போச்சு. வீசுறதுக்கு முன்னாடி ஒரு நொடி அந்தக் கனெக்டரப் பார்த்துட்டேன். வயர் கழண்டு தொங்குது. உள்ள குழாய் ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்குது. தலைய நிமிர்த்தினா அத்தானும் அதைத் தான் பார்க்குறாரு. என் மணிக்கட்டப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள விட்டாரு. அவ்வளவு தான்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு ஆபீசர், "யாரு வச்ச கனெக்டர்?"ன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அத்தான், "நான் தான் சார். நோட்டுல பாருங்க"ன்னுட்டாரு.

அப்புறம் தனியாக் கூட்டிட்டுப் போய், "டேய், உனக்கு இன்னும் ஒரு வருஷம் கூட ஆகல. ஒரு கரும்புள்ளி விழுந்தா மூட்டையக் கட்டி அனுப்பிடுவாங்க. எனக்கு எட்டு வருஷம். திட்டி விட்டுடுவாங்க, பெருசா ஒண்ணும் ஆகாது. நீ கம்முனு இரு"ன்னாரு. நான் இருந்தேன். எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு. அதையும் சொல்லிடுறேன், மறைக்கல. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

ஆனா திட்டி விடல. மறுநாளே கடையில இருந்து நிறுத்திட்டாங்க. அவரு இந்த நாட்டுல தங்குறதுக்கான பேப்பர ஆபீசருங்க வாங்கி வச்சுட்டாங்க. அந்த அம்மாவுக்கு இடது கண்ணுல பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அவங்க ஆபீசுல போய்க் கையெழுத்துப் போடுறாரு அத்தான். இப்பவும் அங்க தான் போயிருக்காரு, அதான் நான் பேசுறேன். வர்ற திங்கக்கிழமை முடிவு சொல்வாங்க. ஊருக்குத் திருப்பி அனுப்புறது தான் முடிவுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அனுப்பிட்டா இனிமே இந்த வேலைக்கு எங்கயும் வர முடியாது.

இன்னைக்குக் காலையில என்னால தாங்க முடியல. முதலாளி கடையத் தொறக்குறப்பவே போய் நின்னேன்.

"சார், அந்த நாப்பதும் நான் வச்சது. அவரு கையெழுத்து மட்டும் தான் போட்டாரு."

அவரு ஷட்டர்ல இருந்து கைய எடுக்காமலே என்னைப் பார்த்தாரு. "அக்கா புருஷன் போகப் போறாருன்னதும் உனக்கு ஞானம் வந்துடுச்சா?"

"சத்தியமா சார். ஜோடி மாட்டாம வச்சேன். அதான் குழாய் சாய்ஞ்சுச்சு. மிச்ச முப்பத்தி ஒம்பதையும் எடுங்க, காட்டுறேன்."

"அதெல்லாம் அன்னைக்கே வெட்டி மணல்ல போட்டாச்சு. அப்புறம் ஆபத்துன்னு ஆபீஸ்காரங்களே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க." அப்புறம் குரலத் தாழ்த்தி, "இப்ப நீ இப்படிச் சொன்னா, அவன் பொய் சொன்னவன்னு ஆகும், நீ அதுக்கு உடந்தைன்னு ஆகும், கத்துக்குட்டி கையில வேலையக் குடுத்தேன்னு என் கடையும் போகும். மூணு பேரும் தெருவுல நிக்கலாம். அந்த அம்மாவுக்குக் கண்ணு வந்துடுமா? போப்பா, கையப் பார்த்துக்க"ன்னாரு.

ஆபீசுக்கும் போனேன். வாசல்ல இருந்தவரு பேப்பரப் புரட்டிப் பார்த்துட்டு, "உறவுக்காரங்க வாக்குமூலம் செல்லாது, கையெழுத்துப் போட்டவரே மாத்திச் சொன்னா வாங்க"ன்னாரு. அத்தான் மாத்திச் சொல்ல மாட்டாரு. சொல்லச் சொல்லிக் காலப் பிடிச்சேன். "கைய விடுடா, கட்டு அழுக்காகும்"ங்குறாரு. லாரிக்காரரு சமாதானம் பண்ண வந்து, "ரெண்டு பேரும் போட்டி போட்டு ஜெயிலுக்குப் போறீங்களே, எங்க ஊட்டு மச்சான் எனக்குப் பழைய செருப்பு கூடத் தர மாட்டான்"ன்னு சொல்லிட்டு அவரே கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு.

எனக்கு இனிமே என்ன பண்றதுன்னு தெரியல. எங்க போய்ச் சொன்னாலும் எடுத்துக்க ஆளில்ல. உங்க கிட்ட மட்டும் தான் சொல்ல முடியுது.

அத்தான் சரியாச் சாப்பிடுறதில்ல. அக்கா போட்டோவ எடுத்துப் பார்க்குறதும் இல்ல. நம்பர மட்டும் அழுத்துவாரு, மணி அடிச்சு நிக்கிற வரைக்கும் காதுல வச்சிருப்பாரு, அப்புறம் சட்டைப் பையில போட்டுக்குவாரு. ஒரு நாளைக்கு மூணு தடவை. வேலை போனதுக்கோ பேப்பர் போனதுக்கோ அவரு அழுது நான் பார்க்கல. நேத்து போன் மணி அடிச்சு நின்னப்ப முகத்தத் திருப்பிக்கிட்டாரு.

இது அம்மா நம்பர். வீட்டுல யாரு வேணா எடுப்பீங்க. அம்மாவுக்குப் படிக்க வராது, அக்கா புது நம்பர்னா பார்க்கவே மாட்டா. அதனால இதை யாரு படிக்கிறீங்களோ, தம்பியோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணியோ, தயவுசெஞ்சு அக்காவ உக்கார வச்சு முழுசாப் படிச்சுக் காட்டுங்க. திங்கக்கிழமைக்கு முன்னாடி அவ ஒரு தடவை அத்தானுக்குப் போன் பண்ணட்டும். என்னைத் திட்டணும்னா அப்புறம் திட்டிக்கலாம்.