உடன் வந்தவர்

படிவத்தில் ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் சாவிக்காரர் கை கூசாமல் ‘தம்பி’ என்று எழுதினார். தம்பி முகம் கொடுத்துப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் கதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு எதற்கு?

அவருடைய கல்லீரலின் வலப்பக்கம் கட்டி. வெட்டி எடுத்துவிடலாம். மிஞ்சுகிற சின்ன இடப்பக்கம் ஒண்டியாக அவரைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. மருந்து ஏற்றி இருபது நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். உழைக்கிற ஈரல் மருந்தைக் குடித்து வெள்ளையாகத் தெரியும். ஓய்ந்துபோனது மங்கலாகக் கிடக்கும். மங்கலாக இருந்தால் கத்தி வைக்கமாட்டார்கள்.

சாவிக்கொத்தை வாங்கி வைத்துவிட்டு, ஸ்கேன் எடுக்கும் பெண் அவரைக் குழாய்க்குள் தள்ளினாள். மருந்து ஏறியது. ஊரார் பூட்டையெல்லாம் திறந்தவர் அசையாமல் அடைந்து கிடந்தார்.

மைக்கில் அவள் குரல் வந்தது. “போரடிக்குதா சார்? உங்க தம்பிய இங்க கூப்பிடவா? மைக்ல பேசிட்டிருக்கட்டும். எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுவோம்.”

“வேணாம்மா! அவன் டீ குடிக்கப் போயிருப்பான்.”

“இருங்க, பாத்துட்டு வரேன்.”

போயே போய்விட்டாள், புண்ணியவதி. அவருக்கு நெஞ்சு படபடத்தது. திரும்பி வந்து “மூச்ச இழுங்க, பிடிங்க” என்றபோது மூச்சு நிற்கவே இல்லை. படம் கலங்கிப்போனது.

“அசையக் கூடாதுன்னு சொன்னேன்ல சார்? தம்பியையும் காணோம்.”

“யாரும் வரலம்மா. தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பொய் எழுதிட்டேன்.”

அவருக்கு அவமானமாக இருந்தது.

“சரி, நான் இருக்கேன்ல. சாவிக்கொத்தப் பாத்தாலே பூட்டு வேலைன்னு தெரியுது. எங்க வீட்டு அலமாரிப் பூட்டு சிக்குது, என்ன பண்றது?”

“எண்ணெய் மட்டும் விட்டுடாதம்மா. பென்சில் கரியைத் தூளாக்கிப் போடு.” சொல்லச் சொல்ல மூச்சு வசத்துக்கு வந்தது. மறுபடி எடுத்த படம் தெளிவாக விழுந்தது.

மறுநாள் டாக்டர் காட்டிய படத்தில் இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது. “தாங்கும். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனா துணைக்கு ஒரு ஆள் வேணும். யார் இருக்கா?”

“கேட்டுச் சொல்றேங்க.”

கடைக்கு வந்ததும் தன் வீட்டுக்கு இன்னொரு சாவி வெட்டினார். இத்தனை வருடத்தில் அதற்குத் தேவையே வந்ததில்லை. அதைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, மறக்காத அந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“யாரு?” என்றான் தம்பி.

“சாவிக் கடைலேர்ந்து பேசறேன். உனக்கு ஒரு சாவி வெட்டி வச்சிருக்கேன்.”

தம்பி போனை வைக்கவில்லை. சாவிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.