எதிர்ப்பக்கத்து ஓலை

இழைப்புளி ஆணியில் மோதிய ஓசை, உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்களை ஒரு கணம் நிறுத்தியது. அம்மையப்பன் ஆசாரி இழைப்புளியைக் கவிழ்த்து, அதன் உளியைத் தட்டிக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். உளியின் கூர்வாயில் நெல்மணி அளவுக்கு ஒரு துண்டு போயிருந்தது.

"கோயில் பெஞ்சுலயா இவ்வளவு ஆணிய அடிச்சு வச்சிருக்கான்? பிரசங்கத்துல பாதில எந்திரிச்சு ஓடிருவாகன்னு நெனச்சானோ என்னமோ."

பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்த ஞானசிகாமணி சிரிக்கவில்லை. மனைவி சௌந்தரி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவள் உள்ளே, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தப்பட்டிருந்தாள்.

வேதக்கோயிலில் கழித்துப்போட்ட பெஞ்சுகளை உபதேசியார் காலையில் கொடுத்தனுப்பியிருந்தார். சவப்பெட்டியின் அடியும் பக்கங்களும் முடிந்துவிட்டன; மூடி ஒன்றே பாக்கி. வெயில் தாழ்ந்ததும் கோயில் மணி அடிக்கும். அடித்தால் பெட்டி புறப்பட்டாக வேண்டும்.

"வேற உளி இல்லையா, ஆசாரியாரே?"

"இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுல கிடக்கு. பாலத்தத் தாண்டிப் போய்ட்டு வாரதுக்குள்ள மணி அடிச்சிரும். மூடிய இப்படியே விட்டுருவோம் அண்ணாச்சி. மேல துணி போத்தத்தான போறோம். உள்பக்கத்த யாரு பாக்கா?"

வாசற்படியில் வந்து நின்ற ஜெபராணி, தம்பி ஞானசிகாமணியைப் பார்த்தாள். "ஆசாரி சொல்லுததுதான் சரி லே. மண்ணுக்குள்ள போறதுக்கு என்ன இழைப்பு வேண்டிக்கிடக்கு?"

ஞானசிகாமணி பலகையின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்தினார். ஒரு சாண் போவதற்குள் சிராய் குத்தியது. சௌந்தரிக்குப் பசி பொறுக்கும், வெயில் பொறுக்கும், சிராய் பொறுக்காது. கத்தி தீட்டும் சாணைக்கு முன்னால் அவள் உட்காரும் மணைக்கட்டையில் சேலையின் ஒரு நூல் மாட்டிக்கொண்டாலும் எழுந்துவிடுவாள். "இத இழைச்சுக் குடுத்தாத்தான் வாரு இழுப்பேன்" என்று நின்றபடியே சொல்லுவாள்.

"இழைச்சுத்தான் மூடணும்" என்றார். "அந்த உளிய இங்கன தாரும்."

"எங்க வச்சுத் தீட்டுவீரு? சாணையத்தான் சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கீரே."

ஞானசிகாமணி உளியை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தார். ஆசாரி பின்னால் வந்தார்.

வீட்டின் பின்சுவரை ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பில் சாணை இருந்தது. இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே ஓர் இரும்பு அச்சு. அச்சில் இரு தகடுகளுக்கிடையே முடுக்கிய கல். அச்சைச் சுற்றிய தோல்வாரின் இரு முனைகளையும் எதிரே உட்கார்ந்தவர் மாற்றி மாற்றி இழுக்க, கல் முன்னும் பின்னுமாகச் சுழலும். இந்தப் பக்கம் கத்தி பிடிப்பவர் அவர். எதிரே வார் இழுப்பவள் சௌந்தரி. கல்யாணமாகி வந்த வருஷம், கூலிக்கு இழுத்தவன் கொழும்புக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. வண்ணார்பேட்டை நாவிதர்களும் தையற்காரர்களும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பிறகு கத்திரிக்கோலை அவளிடமே நீட்டினார்கள்.

சாக்கை எடுத்தார். கல் புதியது. பழைய கல் தேய்ந்து தேங்காய் அளவுக்கு வந்துவிட்டதால், தூத்துக்குடியில் சொல்லிவைத்து ரயிலில் வரவழைத்தது. அது வந்த அன்றே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் தனியாகவே அதை அச்சில் ஏற்றிச் சுழற்றிப் பார்த்தார். கல் வட்டமாகத்தான் இருந்தது. ஆனால் நேராக ஓடவில்லை. இடமும் வலமுமாக ஆடியது. உள்ளே போய்ப் பாயருகில் உட்கார்ந்து சொன்னார்.

"பக்க ஆட்டம் ஆடுது. நீ எந்திரிச்சு வா. ரெண்டு பேருமாப் பாத்துக்கிடலாம்."

"கல்லு எங்க ஓடியா போவுது?" என்றாள் அவள். "பைய பாத்துக்கிடலாம்."

அதன்பின் வந்த கத்திகளையெல்லாம் திருப்பி அனுப்பினார். கல் சரியில்லை என்று சொன்னார். அது பொய்யல்ல.

அம்மையப்பன் மணைக்கட்டையில் உட்கார்ந்து வாரைப் பிடித்தார். அவர் முழங்கால்கள் உயரத் தூக்கி நின்றன. கட்டை சௌந்தரியின் அளவுக்குச் செய்தது. இரண்டு முறை இழுத்துவிட்டு நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, உம்ம கல்லு பொண்ணு பாக்க வந்தவுக முன்னால நிக்குத பொண்ணு மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நெளியுது?"

"ஆமா. உளிய வச்சா இருக்குத வாயும் போயிரும். முதல்ல ஆட்டத்த எடுக்கணும். பைய சுத்தும்."

மாடத்தில் இருந்த காவிக்கட்டியை எடுத்துக் கல்லின் வெளிமுகத்துக்கு அருகே அசையாமல் பிடித்தார். கல் மெல்லச் சுற்றி வந்தது. வெளியே பிதுங்கும் இடம் மட்டும் காவியைத் தொட்டுச் சிவந்தது. பின்பு தகடுகளை இறுக்கிய மரையைத் தளர்த்தினார். கல்லுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே ஓலைத்துண்டு ஒன்றைச் செருகி, மீண்டும் முடுக்க வேண்டும், அவ்வளவுதான். சாய்ப்பின் கூரையிலிருந்து ஓர் ஓலையைக் கிழித்து, காவி பட்ட இடத்துக்கு நேர் பின்னால் வைத்து முடுக்கினார்.

அம்மையப்பன் இழுத்தார். கல் முன்பைவிட மோசமாக ஆடியது. ஆசாரி வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

ஞானசிகாமணி எதிரே இருந்த மணைக்கட்டையையே பார்த்தார். இதே தப்பு. அவர்கள் சேர்ந்து ஏற்றிய முதல் கல்லில் செய்த அதே தப்பு. அன்று அந்தக் கட்டையில் இருந்தவள் வாரைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்தாரும், பிதுங்குத எடத்துக்குப் பின்னால ஓலய வச்சு அண கொடுத்தா இன்னும் பிதுங்கத்தான் செய்யும். எதிர்ப்பக்கத்துல வையும். அங்கன தள்ளினா இங்கன தானா உள்ள போவும்." அவருக்குக் கோபம் வந்தது. கல் நேராக ஓடியதும் கோபம் போய்விட்டது. அன்றுமுதல் மரை முடுக்குவது அவர் வேலை, ஓலை வைப்பது அவள் வேலை என்று ஆயிற்று. எத்தனையோ கற்கள் ஏறித் தேய்ந்தன. எதிர்ப்பக்கம் என்பதை அவர் கை தனியாகக் கற்றுக்கொள்ளவே இல்லை.

மரையைத் தளர்த்தினார். கூரை ஓலை தகட்டின் அழுத்தத்தில் தூளாகிக் கொட்டியது. மழையும் வெயிலும் தின்ற ஓலை. அவள் ஒருபோதும் கூரையிலிருந்து எடுத்ததில்லை. காதிலிருந்து எடுப்பாள்.

கல்யாணத்தில் காதில் போட்ட கனத்த பாம்படங்கள், குனிந்து வார் இழுக்கும்போது கன்னத்தில் அடித்தன; ஒருநாள் வாரிலேயே சிக்கின. அன்று கழற்றி நகைப்பெட்டியில் போட்டவள், வளர்த்த காது சுருங்காமல் இருக்க ஓலைச் சுருளைச் செருகிக்கொண்டாள். புருஷன் இருக்கையில் தாலியறுத்தவளைப் போல ஓலைக் காதோடு திரிகிறாளே என்று ஜெபராணி முதல் எல்லாரும் ஏசினார்கள். "அவுக கல்லுக்கு அண கொடுக்க வேண்டாமா, மதினி?" என்பாள். தலையெண்ணெய் ஊறிப் பதமாகக் கிடக்கும் அந்தச் சுருளில் நகத்தளவு நறுக்கி வைப்பாள். அது முறியாது, நொறுங்காது.

ஞானசிகாமணி கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பெண்கள் மறுபடியும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெபராணி தலைமாட்டில் இருந்தாள். குளிப்பாட்டும்போது கழற்றியதால் காது மடல்கள் இரண்டும் வெறுமையாக, தோளைத் தொட்டுக்கொண்டு கிடந்தன.

"யக்கா, காதோலை எங்க?"

"தலமாட்டுலதான் முடிஞ்சு வச்சிருக்கேன். மேல கிடந்தது கூடவே போகணும்லா?"

"ஒண்ணு தா."

"எதுக்குலே?"

"கல்லு ஆடுது."

பாட்டு ஓரடி தடுமாறி, பிறகு தொடர்ந்தது. ஜெபராணி முடிச்சை அவிழ்த்து ஒரு சுருளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

சாய்ப்பில் உட்கார்ந்து சுருளைப் பிரித்தார். விரலை விட்டதும் அது மீண்டும் தன் வட்டத்துக்கே சுருண்டது. எண்ணெய் வாசம் இருந்தது. ஒரு முனையை நறுக்கினார். காவி பட்ட இடத்தில் விரலை வைத்து, கல்லின் நடுவைக் கடந்து நேர் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தினார். சரிதானா என்று இன்னொரு முறை விரலை ஓட்டிப் பார்த்தார். உள்தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே துண்டைச் செருகினார். மரையை ஒரே மூச்சில் முடுக்கினால் கல் விரிசல் விடும். கொஞ்சம் முடுக்கி, சுற்றிப் பார்த்து, மேலும் கொஞ்சம் முடுக்கினார்.

"இழும்."

ஆட்டம் பெரும்பகுதி அடங்கியிருந்தது. இன்னொரு துண்டை நறுக்கி, மெல்லிய தோலாக உரித்து, முதல் துண்டின்மேல் வைத்தார்.

"இழும் பாப்போம்."

கல்லின் விளிம்பு, காற்றில் கட்டிய நூல்போல ஓரிடத்திலேயே நின்றது. வார் வந்து போகும் ஓசை தவிர வேறு ஓசை இல்லை.

"ஆங்" என்றார் அம்மையப்பன். "இப்ப இருக்கு."

ஞானசிகாமணி ஆற்றுத் தண்ணீரைக் கல்லில் தெளித்து உளியைப் பிடித்தார். ஆசாரி பலமாக இழுத்தார். அவள் நீளமாக இழுப்பாள். ஆசாரியின் இழுப்புக்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. போன துண்டின் தடம் மறையும்வரை தேய்த்தார். பிறகு உளிக்குக் கூர்வாய் வைத்தார்.

முடித்தபோது வெயில் தென்னைக்கு மேற்கே இறங்கியிருந்தது. ஆணிகளையெல்லாம் தேடிப் பிடுங்கிவிட்டு ஆசாரி இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஞானசிகாமணி உட்பக்கம் முழுவதும் உள்ளங்கையை ஓட்டினார். ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்கில். கை எங்கும் நிற்கவில்லை.

மணி அடிக்கத் தொடங்கியது.

சௌந்தரியைப் பெட்டிக்குள் வைத்தபோது ஜெபராணி, அவர் நறுக்கித் திருப்பிக் கொடுத்ததோடு சேர்த்து இரண்டு சுருள்களையும் அவள் தோளருகே வைத்தாள். ஒன்று நீளம்; ஒன்று குட்டை. தம்பியின் பக்கம் திரும்பி, மற்றவர் கேட்காமல் சொன்னாள்.

"அந்த நறுக்கின துண்டையும் எடுத்துட்டு வந்துருலே. முழுசாப் போவட்டும். மேல கிடந்தத வீட்டுல வைக்கக் கூடாது."

"எடுத்தா மறுபடியும் ஆடும், யக்கா."

ஜெபராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மையப்பன் மூடியைத் தூக்கிவந்து பொருத்தினார்.

பாளையங்கோட்டையில் அடக்கம் முடிந்து திரும்பியபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வந்தவர்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஞானசிகாமணி நேரே சாய்ப்புக்குப் போய், சாக்கை எடுத்துக் கல்லை மூடப் போனார். கல்லின் ஈரம் விளிம்பில் காய்ந்து, நடுவில் மட்டும் இருந்தது. தகட்டுக்கு வெளியே ஓலையின் ஓரம் அரை நகம் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி நீட்டியிருப்பதை முடுக்கி முடித்ததும் சீவிவிட வேண்டும். அதையும் சௌந்தரிதான் செய்வாள்.

பேனாக்கத்தியை எடுத்து விரித்தார். ஓலையின் ஓரத்தில் அலகை வைத்தார். பிறகு கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டு, நீட்டிய ஓரம் மடங்கிவிடாதபடி, சாக்கை மெதுவாக இறக்கினார்.