பாதியில் நிறுத்திய வாக்கியம்

ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுகிறவர்களைச் சாரங்கபாணிக்குப் பிடிக்காது. அதிலும் 'நேற்று' என்று சொல்லிவிட்டு அதோடு 'ஹேவ்' சேர்த்துப் பேசினால் பல்லைக் கடிப்பார். செகந்திராபாத்தை அடுத்த மல்லாபூரில் அவர் வேலை பார்த்த ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் அப்படிப் பேசாதவர்களே கிடையாது. அதனால் காலை முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேதான் இருப்பார். தொழிலாளிகள் அவருக்கு 'ஹேவ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வேலை. பட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கொள்ளுத்தாத்தா பட்டாளத்தோடு வேலூரிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக் கற்ற ஆங்கிலம்தான் அவரைப் பாக்கிங் மேஜையிலிருந்து கண்ணாடி அறைவரை கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பிரம்பு இப்போது தன் கையில் இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டார்.

அஸ்வினி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஷிப்ட் பொறுப்பாளராக வந்து சேர்ந்தவள். வந்த வாரமே முதலாளி ஜெகதீஸ்வரன் பக்கத்தில் நிற்கும்போது, "சார், தலைக்கு வலைத்தொப்பி போடாம உள்ள வரப்படாது" என்று சாரங்கபாணியைத் தடுத்து நிறுத்திவிட்டாள். முடியே இல்லாத தலைக்குத் தொப்பியா என்று முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "பொண்ணு சொல்றது சரிதான், போட்டுக்குங்க" என்றார். சாரங்கபாணி போட்டுக்கொண்டார். அன்று மூண்டது, பிறகு அணையவே இல்லை.

பெரிய ஓட்டல் கம்பெனி ஒன்று ஐஸ்கிரீம் வாங்க முன்வந்தது. அவர்களுடைய ஆட்கள் சோதனைக்கு வருவார்கள், எல்லாரையும் நிறுத்தி ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று தகவல். காலைக் கூட்டத்தை ஆங்கிலத்தில் நடத்தி ஆட்களைத் தயார் செய்யும்படி ஜெகதீஸ்வரன் சொன்னார். கரும்பு தின்னக் கூலி வேண்டுமா? மறுநாளே வெள்ளைப் பலகை வந்தது.

"கேட்டுக்குங்க. வேலை முடிஞ்சது, அதான் விஷயம்னா ஹேவ். ஐ ஹேவ் க்ளீன்ட் த மெஷின். எப்போ முடிஞ்சதுன்னு சொல்லிட்டா ஹேவ் நக்கோ, வேண்டாம். ஐ க்ளீன்ட் இட் எஸ்டர்டே. பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கும் நேத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது."

மற்றவர்கள் தப்பு செய்தால் ஒரு தடவை திருத்துவார். அஸ்வினி செய்தால் எழுந்து நிற்கவைப்பார்.

ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "தமிழ்ல 'நேத்தே சொல்லியிருக்கேன்'னு சொல்லுதோம்லா சார்? அந்த நெனப்புலதான் வந்திருது."

"இது தமிழ் இல்லை மா. உங்க ஊர் பஸ் ஸ்டாண்டும் இல்லை."

பாக்கிங் பொறுப்பாளன் வினய் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். அஸ்வினியின் காதுமடல் சிவந்ததைச் சாரங்கபாணி பார்த்தார். அன்று மத்தியானச் சாப்பாடு அவருக்கு நன்றாக இறங்கியது.

மே மாதம். கல்யாண ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அஸ்வினி தானாகவே கை தூக்கினாள். வழக்கமாகக் கூப்பிட்டால்தான் வாய் திறப்பாள்.

"சார், ஐ ஹேவ் ஸீன் எஸ்டர்டே ஈவினிங்…"

"ஸ்டாப்."

அவள் நிறுத்தினாள்.

"எஸ்டர்டே ஈவினிங். வெச்சிட்டியா டைமை? அப்புறம் எதுக்கு, கைக்கு ஹேவ்?"

"சார், அது இருக்கட்டும். தமிழ்ல சொல்லிருதேன், அவசரம்…"

"ஓட்டல்காரன் வந்து கேக்கறச்சேயும் அவசரம்னு தமிழ்லயே சொல்லுவியா? ஐ ஸா. சொல்லு."

"ஐ ஸா."

"இன்னொரு வாட்டி."

"ஐ ஸா."

"எல்லாரும் சொல்லுங்க."

எல்லாரும் கோரஸாக 'ஐ ஸா' என்றார்கள். வினய் அதை ராகம்போட்டு இழுத்தான். அறையே குலுங்கியது. சாரங்கபாணி பலகையில் 'ஸீன்' என்று எழுதி, பெருக்கல் குறி போட்டார். திரும்பியபோது அஸ்வினி உட்கார்ந்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் அழுகை இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை.

"நெக்ஸ்ட்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் தாமதமாகத்தான் எடுத்தது. முதல் குளிர் அறை எப்படியோ தாங்கிவிட்டது. இரண்டாம் அறை தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது பிஸ்தாவும் மாம்பழமும் கலந்து தரையில் ஓடி உறைந்திருந்தன. ஒரு பெட்டிகூடத் தேறவில்லை. அன்று மாலை போகவேண்டிய நான்கு கல்யாணங்களின் சரக்கு அது.

பழுது பார்க்க வந்தவன் கதவின் அடிப்பக்கத்து ரப்பரை விரலால் தூக்கிக் காட்டினான். ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. "இது இன்னிக்குக் கிழிஞ்சதில்ல சார். ரெண்டு மூணு நாளாவது ஆயிருக்கும்."

ஜெகதீஸ்வரன் சாரங்கபாணியையும் அஸ்வினியையும் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இத்தனை பேர் போறீங்க, வர்றீங்க. ஒருத்தர் கண்ணுலகூடவா படலை?"

"நான் பாத்தேன் சார்" என்றாள் அஸ்வினி. "வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொன்னேன்."

"பொய் சார்" என்றார் சாரங்கபாணி. வாய் முந்திக்கொண்டது. "ரப்பர்னு ஒரு வார்த்தை சொல்லலை இவ."

"ஒண்ணுமே சொல்லலையா?"

கூட்டம் நடந்த அறையில் அன்று இருபது பேர் இருந்தார்கள். எல்லாரும் கோரஸ் பாடியிருக்கிறார்கள். "ஏதோ சொல்ல ஆரம்பிச்சா" என்றார்.

"என்ன சொன்னா?"

"ஐ ஹேவ் ஸீன் எஸ்டர்டே ஈவினிங்னா."

"எதைப் பார்த்தாளாம்?"

சாரங்கபாணி யோசித்தார். அவளுடைய தப்பு அப்படியே காதில் இருந்தது. ஹேவ், ஸீன், எஸ்டர்டே, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எதைப் பார்த்தாய் என்று கேட்கவேண்டும் என்றே அன்று அவருக்குத் தோன்றவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"தப்பா சொன்னா சார். திருத்தினேன்."

"திருத்தினப்புறம்?"

ஜெகதீஸ்வரன் அஸ்வினியின் பக்கம் திரும்பினார். "அவர்தான் கேக்கலை. என் ரூம் எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியாதா? வந்து சொல்ல வாயில்லை?"

அவள் சாரங்கபாணியைப் பார்த்தாள்.

இருவருக்கும் மெமோ வந்தது. சாரங்கபாணியை உப்பலில் இருந்த கம்பெனிக் கிடங்குக்கு மாற்றினார்கள். வண்டிகளில் ஏறும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. அஸ்வினிக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு நின்றது. கண்ணாடி அறை வினய்க்குப் போனது. அவன் முதல் வேலையாக வெள்ளைப் பலகையில் கிரிக்கெட் அட்டவணையை ஒட்டினான்.

கடைசி நாளில் சாரங்கபாணி மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது குளிர் அறைச் சாவிகளை வாங்க அஸ்வினி வந்தாள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளே வந்தாள்.

"சாவி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். வெள்ளிக்கிழமை பூரா இங்கதான் இருந்தே. சனிக்கிழமையும் இருந்தே. மறுபடியும் வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"கைக்கு சொல்லலை?"

"ஒங்களுக்கு ஏன் சொல்லணும்?" அவள் குரலை உயர்த்தவேயில்லை. "ரப்பர் கிழிஞ்சா சரக்கு கொஞ்சம் இளகும், ஒங்களுக்கு ஏச்சு விழும்னு நெனச்சேன். விழட்டும்னு இருந்தேன். கரண்டு போகும்னு நெனைக்கலை."

"எனக்காக இத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்தைக் கெடுத்திருக்கே."

"நாம ரெண்டு பேருமாத்தான் கெடுத்தோம். நீங்க மட்டும் ஒதுங்கிக்கிடாதீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அவளை அறையவேண்டும் போல இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் தன்னிடம் தடுமாறாமல் பேசியது இதுதான் முதல் தடவை என்றும் பட்டது. அது கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. பதிலுக்குக் குத்த நல்ல சொல்லாகத் தேடினார். எந்த மொழியிலும் கிடைக்கவில்லை.

சாவிக்கொத்தை அவள் நீட்டிய கையில் கொடுக்காமல் மேஜையின் அந்தக் கோடியில் வீசினார். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. அஸ்வினி குனியவில்லை. அவரும் குனியவில்லை. வெளியே வண்டி ஏற்றுகிறவர்கள் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். இருவரும் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

கடைசியில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு, அவள் தோளில் படாமல் ஒதுங்கிக் கதவைத் தாண்டினார். பின்னால் சாவி சிணுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.