வால் இல்லாமல் வந்த ரயில்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் மிச்சமிருக்கும் என் மூன்று பற்களும் கொட்டிப்போகட்டும்.

ரயில் பெட்டிக்குள் ஏறிய வெள்ளம் இருக்கைக்கு ஒரு சாண் கீழே வந்தபோது அவள் செருப்பைக் கழற்றி, சாமான் வைக்கும் தட்டில் எறிந்தாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆமை இடம் பிடித்திருந்தது. அவள் ஏறியது கடைசிப் பெட்டி. நாற்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அவள் அப்பா, கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரயிலும் வந்து சேர்ந்ததாக ஒப்புக்கொண்டதில்லை; அடுத்த ரயிலுக்கு வழிவிடும் 'லைன் கிளியர்' அனுமதியும் கொடுத்ததில்லை. அதில் வந்தால் அவர் கண்ணில் தப்பாமல் படலாம் என்பது அவள் சிறு வயதுக் கணக்கு.

கோடை மழை மூன்று நாளாக விடவில்லை. தண்ணீரில் திணறிய எஞ்சின் டிரைவர், பாரம் குறையட்டும் என்று கடைசிப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஒருத்தி இருந்தது அவருக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் தெரியவில்லை. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. பெட்டிக்கு அடியில் ஏதோ முனகியது. ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. அவள் பயந்தது தண்ணீருக்கு அல்ல.

அண்ணன் போனில் கூப்பிட்டான். ரயில் வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னானாம். வீட்டில் அவர் சாகக் கிடந்த கட்டிலுக்கு நேர் எதிரே ஜன்னல், அதற்கு எதிரே ஸ்டேஷன். அவர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாராம்.

"வால் இல்லாம வந்திருக்குடா, லைன் கிளியர் குடுக்க மாட்டேன்னாரு. அப்புறம் வாயே தொறக்கலடி. மூச்சு விட்டு விட்டு வருது."

"எம் பெட்டி பின்னால வருதுன்னு சொல்லுண்ணா."

"வருதா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அண்ணன் மூச்சும் அப்பா மூச்சும் கேட்டன.

அப்போதுதான் பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வயல்களின் மேல் மிதந்து, மூழ்கிய பாலத்தைத் தாண்டி அது போயிற்று. கேட் கீப்பர் தன் அறையின் கூரைமேல் நின்று, முறைப்படி பச்சைக் கொடி காட்டினார். கடைசியில் அது பிளாட்பாரத்தில் பூனைபோல் வந்து ஒட்டியது.

அப்பா ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார். இறங்கி ஓடிவந்தவளைப் பார்த்தார். லைன் கிளியர் கொடுப்பதுபோல் சுட்டுவிரலை லேசாக உயர்த்தினார். அவள் ஈரக் கையால் பிடித்தபோது அந்த விரல் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ரயில்வே பதிவேட்டைப் பார்த்தால், அன்று அந்த ரயில் ரத்து. புறப்படும் நிலையத்தை விட்டு அது அசையவே இல்லையாம்.