மெதுவாக மிதித்தால்

2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. கீழ்க்கட்டளை சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பள்ளி வேன் இறக்கத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றது. ஓட்டுநர் தயாளனின் வலது கால் பிரேக் பெடலின் மேல் இருந்தது. அவர் காலைக் கூடுதலாக அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. பெடல் மட்டும் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொட்டபோது வேன் நகர்ந்தது. தயாளன் பெடலை விட்டு இரண்டு முறை குத்தி மிதித்தார்; கைப்பிரேக்கை இழுத்தார். லாரிக்கும் வேனுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் மிஞ்சியது.

"இன்னா தம்பி, வண்டி நவுருது?" என்று பின்னாலிருந்து ஆயா கங்கையம்மாள் கேட்டார்.

"பெடல் உள்ள போய்க்கினே கீதுக்கா. காலைலயே ஆபீஸ்ல சொன்னேன்."

"ஜெபகுமார் சாரு மிதிச்சுப் பாத்துட்டு நல்லாக்கீதுன்னாரே?"

"அவரு ஒதைக்கிறாரு. ஒதைச்சா நிக்கும். மெதுவா மிதிச்சாதான் தெரியும்."

சிக்னலைத் தாண்டியதும் ஒரு மருந்துக் கடையின் முன்னால் வேனை ஓரங்கட்டி, வாகனப் பொறுப்பாளர் ஜெபகுமாரை அழைத்தார்.

"பம்ப் பண்ணி பம்ப் பண்ணி ஓட்டுங்க தயாளன். இன்னும் நாலு ஸ்டாப்தானே."

"அஞ்சாவது மிதிக்கு நிக்கலன்னா சார்?"

"வேற வண்டி இல்ல. பேரன்ட்ஸ் கிட்ட நான் என்ன சொல்றது?"

"வந்து கூட்டினு போகச் சொல்லுங்க. கொழந்தைங்கள வச்சிக்கினு நான் எடுக்க மாட்டேன்."

பெற்றோர் ஒவ்வொருவராக ஸ்கூட்டரில் வந்தார்கள். கங்கையம்மாள் குழந்தைகளை நடைபாதையின் உள்பக்கம் வரிசையாக உட்காரவைத்து, பெயர் சொல்லி அனுப்பினார். ஒரு தந்தை தயாளனின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிப் படம் பிடித்தார். "ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்குறீங்க. புள்ளைங்கள ரோட்ல எறக்கி விட்டுட்டு நிக்கிறீங்க." தயாளன் பெடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்தத் தந்தை அதற்குள் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

கோவிலம்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஏகநாதன் வந்தபோது கடைசிக் குழந்தையும் போயிருந்தது. அவர் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார், அளவு குறையவில்லை. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் விரலால் துடைத்துப் பார்த்தார், ஈரம் இல்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டுத் தயாளனை இருக்கையில் உட்காரச் சொன்னார்.

"ஓங்கி ஒண்ணு மிதிண்ணா."

பெடல் நின்றது.

"இப்ப கோழிமுட்ட மேல கால வச்சா மாதிரி மெதுவா வை."

பெடல் மெல்ல இறங்கித் தரையில் படுத்தது.

"மாஸ்டர் சிலிண்டர் காலி. உள்ள கீற ரப்பர் தேஞ்சிருச்சு. ஆயில் வெளிய ஒழுவல, உள்ளுக்குள்ளயே நழுவுது. வேகமா மிதிச்சா ரப்பர் விரிஞ்சு புடிச்சிக்கும். மெதுவா மிதிச்சா பேஜார்தான்."

மறுநாள் காலை ட்ரிப்புக்கு வண்டி வேண்டும் என்பதால் சிலிண்டரை மாற்ற ஜெபகுமார் தொலைபேசியிலேயே சம்மதித்தார். காலி வேன் முதல் கியரில், கைப்பிரேக்கின் துணையோடு, ஷெட்டுக்கு ஊர்ந்தது. ஏகநாதன் புது சிலிண்டரைப் பொருத்தினார்; பழையதைக் கழிவு இரும்பு போடும் தகரப் பெட்டிக்குள் எறிந்தார். குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். தயாளன் பெடலில் கால் வைத்து உட்கார்ந்தார். ஏகநாதன் சக்கரத்தருகே படுத்தார்.

"மிதி... புடி... வுடாத... இப்ப வுடு."

சக்கரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் குழாயில் குமிழிகள் வருவது நின்றபின் தயாளன் காலை மென்மையாக வைத்துக் காத்திருந்தார். பெடல் அசையவில்லை.

"போதும்ண்ணா, எறங்கு. கால வச்சிக்கினே தூங்கிடப் போற."

புதன்கிழமை காலை அதே வேனில் அதே குழந்தைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பத்து மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உத்தரவை மீறிக் குழந்தைகளைச் சாலையில் இறக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நடைபாதைப் படம் அதற்குள் எல்லாப் பெற்றோர் குழுக்களிலும் சுற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணையில் தயாளன் பெடல் இறங்கியதைச் சொன்னார். தாளாளர் ஹில்டா மேடம், "அப்போ பாத்துடலாமே" என்று எழுந்தார். அனைவரும் வேனுக்கு வந்தார்கள். பள்ளி அழைத்திருந்த டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர் ஓங்கி மிதித்தார். பிறகு மெதுவாகவும் மிதித்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு மேடம்."

"மாத்தினதுக்கு அப்புறம் நல்லாத்தான் மேடம் இருக்கும். சாருதான் மாத்தச் சொன்னாரு."

"பிரேக் சர்வீஸ் பண்ணச் சொன்னேன்" என்றார் ஜெபகுமார். "வருஷா வருஷம் பண்றதுதான். ஏதோ கெட்டுப்போச்சுன்னா அந்தப் பழைய பார்ட்டக் கொண்டு வரட்டும்."

கங்கையம்மாளை அழைத்தார்கள்.

"வண்டி நகர்ந்துச்சு மேடம். நான் பாத்தேன்."

"பிரேக் பிடிக்காம நகர்ந்துச்சா, இவர் கால எடுத்ததால நகர்ந்துச்சா?"

கங்கையம்மாள் தயாளனைப் பார்த்தார். "நான் பின்னாலதான மேடம் குந்திக்கினு இருந்தேன்."

அன்று மாலை தயாளன் ஷெட்டுக்குப் போனார். தகரப் பெட்டி காலியாக இருந்தது.

"காயலாங்கடைக்காரன் நேத்தே தூக்கினு பூட்டான்ண்ணா."

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லு ஏகா. பார்ட்டு வேணாம்."

ஏகநாதன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். ஷெட்டுக்குள் அதே பள்ளியின் இன்னொரு வேன் சக்கரம் கழற்றப்பட்டு நின்றது.

"அவங்க வண்டி அத்தினியும் இங்கதான்ண்ணா வருது" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை தயாளன் அலுவலக பெஞ்சில் பிற்பகல் வரை காத்திருந்தார். ஜெபகுமார் உறையிட்ட உத்தரவுடன் வந்து, நகலில் கையொப்பம் வாங்கினார். "விசாரணைக் குழுவின் நேரடிச் சோதனையில் வாகனத்தின் பிரேக் எவ்விதக் குறையுமின்றி இயங்கியது. எனவே பணியாளரின் விளக்கம் ஏற்கத்தக்கதன்று. அவர் இன்றுமுதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்" என்று அந்த நகலில் இருந்தது. கீழே தாளாளரின் கையெழுத்து.

"ஒரு சின்ன ஹெல்ப் தயாளன்" என்றார் ஜெபகுமார். உறை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "புது டிரைவர் கீழ நிக்கிறாரு. ரூட் தெரியாது. இன்னைக்கு ஒரு நாள் கூடப் போய், எந்தப் புள்ள எங்க எறங்கும்னு காட்டிடுங்களேன். பாவம், புள்ளைங்க."

கீழே மணி அடித்தது. ஜெபகுமார் உறையை நீட்டினார். தயாளன் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.