இதோ வந்துடுச்சு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கெட்ட பொய் இல்லை. வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே, "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன்" என்று போனில் சொல்வோமே, அந்த வகை. அன்பினால் சொல்வதுதான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி மூடிய மலை எங்களை வா வா என்று அழைத்தது." (அடித்துவிட்டேன். அழைத்தது மலை அல்ல. ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பயிற்சி மையம். நிதி திரட்ட, வழிகாட்டியோடு ஒரு மலையேற்றம்.)

பிறகு: "அவள் ஒரு தேவதை, அவள் முகத்தில்" (இதையும் அடித்துவிட்டேன். தேவதை பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்காது. பசித்தால் அக்காவைத் திட்டாது.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். எங்களோடு ஓர் அக்காவும் தங்கச்சியும் ஏறினார்கள். தங்கச்சிக்கு ஆட்டிசம் உண்டு. அப்போது, பேருந்து ஓட்டும் அக்காவோடு இருந்தாள். அதற்கடுத்த மாதம் மையத்தின் விடுதியில் தனியாகத் தங்குவதாக ஏற்பாடு. அதற்குள், தன்னைத் தவிர இன்னொருவர் சொல்லையும் நம்பி அவள் நடப்பாளா என்று தெரிந்துகொள்ளத்தான் அக்கா அவளை மலைக்குக் கூட்டி வந்தாள். வேண்டுமென்றே கடைசி ஆளாக நடந்தாள்.

3

பாதி வழியிலேயே எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இன்னும் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் வழிகாட்டியிடம் ஒரே பதில்: "இதோ வந்துடுச்சு." அவருக்கு 'இதோ அண்ணன்' என்று பேரே வைத்துவிட்டோம்.

தங்கச்சி மட்டும் ஒவ்வொரு முறையும் நின்று சுற்றிலும் பார்த்தாள். ஒரு வளைவு தாண்டியதும் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வரல."

"பக்கத்துலதாம்மா. இதோ…"

"முன்னாடியும் சொன்னீங்க. வரல. அதுக்கு முன்னாடியும் வரல." காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா ஓடி வந்தாள். ஆனால் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டாள். "நான் சொன்னா எந்திரிச்சிடுவா," என்றாள் என்னிடம் மெதுவாக. "விடுதியில நான் இருக்க மாட்டேனே."

(முதல் பிரதியில் வழிகாட்டியை முரடராக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் என் பையையும் சேர்த்துச் சுமந்து வந்தவர் அவர். நாளை கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.)

4

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அப்படிச் சொன்னா எல்லாரும் தெம்பா நடப்பாங்க. அதான்மா சொல்றேன்."

"எனக்குத் தெம்பு வரல. பயம் வருது. வந்துடுச்சுன்னா அது இங்க இருக்கணும். இல்லன்னா வழி தப்பிட்டோம்."

அவர் மேலே போகும் பாதையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "வழி தப்பல. ஆனா உச்சி வரல. இன்னும் ரொம்ப இருக்கு. இதைவிடச் செங்குத்தா இருக்கும். மூச்சு வாங்கும்," என்றார்.

எங்களோடு வந்த பல் டாக்டர், "ஐயையோ, இதுக்கு அந்தப் பொய்யே தேவலையே!" என்று முனகினார்.

தங்கச்சி காதிலிருந்து கையை எடுத்தாள். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"அப்போ போலாம்."

வழிகாட்டியின் பின்னாலேயே ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. "என்னைக் கண்டுக்காமப் போறா பாருங்க, கழுதை," என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதத் தெரியாமல் மூன்று வாக்கியங்களை வீணாக்கினேன். அவை இங்கே இல்லை.

5

முடிவு ஒன்று: உச்சியில் சூரியன், எல்லோரும் கைகோத்து நிற்கிறோம். அவள் வேலை செய்யும் பேக்கரிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

"சூரியன் இல்ல. கையை யாரும் பிடிக்கல. பிடிச்சா எனக்குப் பிடிக்காது."

முடிவு இரண்டு: மழை வந்து திரும்பிவிடுகிறோம்.

"மழையும் இல்ல. நீங்க தப்புத் தப்பாச் சொல்றீங்க. உச்சியப் பத்தி நானே சொல்லிக்கிறேன்."

ஆகவே அதை நான் எழுதப் போவதில்லை. முடிவு வேண்டுமென்றால் அவளிடமே கேளுங்கள். இப்போது விடுதியிலிருந்துதான் வேலைக்கு வருகிறாள். பெட்டி மடித்துக்கொண்டிருந்தால், 'இதோ வந்துட்டேன்' என்று சொல்ல மாட்டாள். "இன்னும் நிறைய இருக்கு. காத்திருங்க," என்பாள்.

நம்பி உட்காருங்கள்.